கொக்கா, மயிலா

இந்த ஒரு விஷயத்திலாவது தன் பேச்சுத்தான் எடுபட வேண்டும் என்று நாச்சிமுத்து முடிவு கட்டினார். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பாதி முகம் சவரம் செய்தும் பாதி முகம் சோப்பு நுரையுமாக, கண்ணாடியைப் பார்த்து இந்த முடிவை எடுத்தார். கண்ணாடியில் இருந்தவர் உடனே தலையாட்டினார். அந்த வீட்டில் அவர் சொன்னதற்குத் தலையாட்டுகிறவர் அவர் ஒருவர்தான்.

நாமக்கல் கடைவீதியில் பம்புசெட் கடை வைத்திருக்கிறவர் நாச்சிமுத்து. கடையில் இருக்கும்வரை அவர் சிங்கம். "அஞ்சு குதிரை மோட்டார் போதுமுங்களா, ஏழரை போடலாமுங்களா?" என்று தோட்டக்காரர்கள் கேட்டால், கிணற்றைக்கூடப் பார்க்காமல் பதில் சொல்லிவிடுவார். அவர்களும் மறுபேச்சில்லாமல் வாங்கிப் போவார்கள். கடையைப் பூட்டிவிட்டு வீட்டு நடையில் கால் வைத்ததும் அந்தச் சிங்கம் செருப்போடு சேர்ந்து வாசலிலேயே கிடந்துவிடும். அவர் எந்தச் சட்டை போடுவது, எந்தக் கடையில் முடி வெட்டுவது, இன்றைக்கு மழை வருமா வராதா என்பதையெல்லாம் அவர் மனைவி சௌந்திரம்தான் தீர்மானிப்பாள்.

சேலத்துக்குப் போகப் பஸ் ஏறுவதென்றாலும் அவள்தான். வருகிற பஸ்ஸையெல்லாம் மாட்டுச் சந்தைக்கு வந்தவள் மாதிரி ஏற இறங்கப் பார்ப்பாள்.

"இது வேண்டாமுங்க. டிரைவரு தூங்குமூஞ்சி."

"காலியா வருது, ஏறிக்கலாம் புள்ள."

"காலியா வருதுன்னாலே சந்தேகப்படோணுமுங்க."

அடுத்த பஸ்ஸில் பாட்டு சரியில்லை. அதற்கடுத்ததில் சீட்டு கிழிசல். நாலாவதாக ஒன்று வரும்போதுதான் "இதுல ஏறுங்க" என்பாள். நாச்சிமுத்து முணுமுணுத்துக்கொண்டே ஏறுவார். அந்தப் பஸ் ராசிபுரம் தாண்டுவதற்குள் முன்னால் போன மூன்றையும் முந்திவிடும். அவருக்கு ஆத்திரமே அதுதான்.

அப்படிப்பட்டவருக்கு எண்பத்தைந்தாம் வருஷம் ஒரு யோகம் அடித்தது. மழை ஏமாற்றியது. கிணறுகளில் தண்ணீர் கீழே போகப் போக, நாச்சிமுத்துவின் வியாபாரம் மேலே போயிற்று. இத்தனை மோட்டார் விற்றவர் இந்தப் பக்கத்தில் யாருமில்லை என்று பம்புசெட் கம்பெனிக்காரர்கள் மாலை போட்டு, பரிசும் அறிவித்தார்கள். சிங்கப்பூரில் புறப்பட்டு நாலு நாள் கடலைச் சுற்றிவிட்டுத் திரும்பும் உல்லாசக் கப்பலில் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் இடம். சிங்கப்பூர் போய்வரப் பிளேன் செலவும் கம்பெனியுடையது. எந்தப் பிளேன் என்பதை மட்டும் அவரே பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

அந்த 'மட்டும்' என்ற இடத்தில்தான் நாச்சிமுத்து தன் கொடியை நட்டார். அதற்குக் காரணம் இருந்தது. காரணம் இங்கிலீசு சரக்கு.

சௌந்திரத்தின் அண்ணன் ராசப்பன் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து ஆழ்குழாய்க் கிணறு போடுகிறவர். ஏதோ மெஷின் பார்க்கப் போன வருஷம் மலேசியா போய் வந்திருந்தார். பரிசுச் சேதி தெரிந்ததும் மாப்பிள்ளையைப் பார்க்க வந்தவர், சௌந்திரம் காப்பி போட உள்ளே போன சமயம் பார்த்து, நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டார்.

"மாப்பிள்ளை, கொக்குல போங்க."

"எந்தக் கொக்குங்க மச்சான்?"

"பிளேன் கம்பெனிங்க. வாலுல கொக்குப் படம் போட்டிருக்கும். நான் அதுலதான் போனேன். தள்ளுவண்டியத் தள்ளிக்கிட்டு ஒரு புள்ளை வரும். என்ன கேட்டாலும் ஊத்தும்."

"என்ன கேட்டாலும்னா?"

ராசப்பன் கட்டை விரலை வாய்க்கு நேராகச் சாய்த்துக் காட்டினார். "பாரின்ல காச்சினது. காசு வாங்க மாட்டாங்க. ரெண்டாவது தடவை கேட்டாலும் சிரிச்சுக்கிட்டே குடுப்பாங்க. மயில் படம் போட்ட கம்பெனியும் ஒண்ணு இருக்குது. அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாத்துராதீங்க. மோர்தான்."

நாச்சிமுத்துவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. குடித்தே பல வருஷம் ஆயிற்று. மூத்த பையன் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், ஆட்டையாம்பட்டிக் கல்யாணம் ஒன்றில் யாரோ கள்ளு ஊற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, கட்டுத்தறியில் நின்ற எருமையைப் பார்த்து, "வாங்கத்தை, எப்ப வந்தீங்க?" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எருமை பதில் சொல்லவில்லை. உண்மையான மாமியார் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். மறுநாள் காலையில் சௌந்திரம் தட்டில் கற்பூரம் ஏற்றி நீட்டினாள். "இந்த மண்ணு மேல இருக்கற வரைக்கும் குடிக்க மாட்டேன்" என்று அவர் அடித்துச் சத்தியம் செய்தார்.

அந்தச் சத்தியத்தை இப்போது எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மண் மேல் இருக்கிற வரைக்கும்தானே. பிளேன் எந்த மண் மேல் இருக்கிறது? கப்பல் கொஞ்சம் இடித்தது. கப்பலுக்குக் கீழே தண்ணீர் இருந்தாலும் தண்ணீருக்குக் கீழே மண் இருக்கிறது. குலதெய்வமான ஆத்தா கண்ணுக்கு அது தெரியாமல் போகாது. பிளேனில் அந்த வில்லங்கமே இல்லை. ஆகாயத்துக்குக் கீழே இருப்பது ஆகாயம்தான். வக்கீலுக்குப் படித்திருந்தால் எங்கேயோ போயிருப்போம் என்று அவருக்கே தோன்றியது.

சேலத்தில் பிளேன் டிக்கெட் எடுத்துக்கொடுக்கும் ஆபீஸ் வைத்திருந்தவர் சவரியார் என்பவர். நாச்சிமுத்துவும் சௌந்திரமும் போய் உட்கார்ந்ததும், மூன்று கம்பெனிகளின் வண்ணப் படங்களை மேஜையில் பரப்பினார். ஒன்றின் வாலில் கொக்கு, ஒன்றில் மயில், ஒன்றில் மீன்.

சௌந்திரம் முதலில் மீனைத் தள்ளிவைத்தாள். "மீனு கடலுக்குள்ள போற சாதிங்க. பிளேனுக்கு அத எதுக்கு வெச்சாங்க? வேண்டாம்."

"சரிங்கம்மா," என்றார் சவரியார். மீன் கம்பெனியின் கதை அதோடு முடிந்தது.

"மயிலு முருகன் ஏறிப் போறது. இதையே போட்டுருங்க."

நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார். "சௌந்திரம், மயிலு எவ்வளவு தூரம் பறக்கும்னு யோசிச்சியா? நம்ம தோட்டத்துல வேலியைத் தாண்டறதுக்கே மூணு தடவை ரோசனை பண்ணுது. சிங்கப்பூரு போகோணும். கொக்கைப் பாரு. எங்கிருந்து எங்க போகுது."

"கொக்கு தண்ணியக் கண்டா எறங்கிருமுங்க. நடுக்கடல்ல எறங்கிருச்சுன்னா?"

"படத்துல இருக்கற கொக்கு எப்படி எறங்கும்?"

"அப்ப படத்துல இருக்கற மயிலு மட்டும் வேலியைத் தாண்டாதுங்களா?"

சவரியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு சாளரத்துப் பக்கம் பார்த்தார். நாச்சிமுத்து வேறு பக்கமாக வந்தார். "சீட்டு எதுல அகலமுங்க?"

"ரெண்டும் ஒரே அளவுங்க."

"சாப்பாடு?"

"மயில்ல தயிர்சாதம்கூட உண்டுங்க. கொக்குல ரெண்டு வகையும் கிடைக்கும். நேரம்தான் வித்தியாசம். மயில் ராத்திரி கிளம்புது. கொக்கு பகல்ல போகுது. ஜன்னலோரம் உக்காந்தா வழி பூராவும் கடலைப் பார்த்துக்கிட்டே போலாம்."

சௌந்திரம் வெண்ணந்தூரில் பிறந்து நாமக்கல்லுக்கு வாழ வந்தவள். அவள் பார்த்த பெரிய தண்ணீர் மேட்டூர் அணைதான். ஆனாலும் அவள் கொக்குப் படத்தை இன்னும் கொஞ்சம் தள்ளிவைத்தாள். "பகல்ல வெயிலு அடிக்குமுங்க. கடலைப் பாத்து என்ன பண்றது? தண்ணிதானே."

"தாகத்துக்கு என்ன குடுப்பாங்க?" என்று நாச்சிமுத்து கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"மயில்ல மோர், ஜூஸ். கொக்குல எல்லாமே உண்டுங்க. விஸ்..."

நாச்சிமுத்துவுக்கு அந்த நொடியில் வந்த இருமல் சாதாரண இருமல் அல்ல. மேஜையிலிருந்த படங்கள் பறந்தன. பக்கத்து அறையிலிருந்து ஒருவர் தண்ணீர்ச் சொம்போடு ஓடி வந்தார். இருமி முடிந்து அவர் நிமிர்ந்தபோது சவரியாருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. சௌந்திரத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றுதான் நாச்சிமுத்து நினைத்தார். அவள் அவருடைய முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டு, "இத்தனை இருமல் வெச்சுக்கிட்டு வெயில்ல போகலாமுங்களா? மயில்ல ராத்திரியே போயிரலாம்" என்றாள்.

"யோசிச்சுச் சொல்றோம்," என்று நாச்சிமுத்து எழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. இட்லிக்கு நடுவில் கொக்கு வந்தது. குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே மயில் நின்றது. நாச்சிமுத்து வழக்கத்தை மீறி விட்டுக்கொடுக்காமல் நின்றார். இரண்டு நாள் சட்டையைக்கூடத் தானாகவே எடுத்துப் போட்டுக்கொண்டார். கடைக்கு வந்தவர்களுக்கும் பைத்தியம் பிடித்தது. மோட்டார் வாங்க வந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, பிளேனையே பார்த்திராத நிலையில், எந்தப் பிளேன் மேகத்தில் குலுங்காது என்று தீர்ப்புச் சொன்னார்கள். மயில் கட்சிக்கு ஆள் கூடுவதாகத் தெரிந்ததும் நாச்சிமுத்து கொக்குக் கட்சிக்கு மட்டும் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஒரு நாள் சௌந்திரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே அலுத்துச் சொன்னாள். "நீங்க சொன்னா நான் கேக்க மாட்டேன், நான் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. இனி ஆத்தாளே சொன்னாத்தான் உண்டு."

நாச்சிமுத்துவுக்குத் தலைக்குள் பல்பு பளிச்சென்று எரிந்தது. "அப்படியே பண்ணலாமே. பூக் கேட்டுரலாம்."

"நீங்களா கோயிலுக்கு வாரீங்க?"

"ஏன், எனக்குப் பக்தி இருக்கக் கூடாதா?"

மோகனூர்ப் பக்கம் கரும்புக் காட்டுக்கு நடுவே அவர்கள் குலத்து ஆத்தாளுக்கு ஒரு சின்னக் கோயில் இருந்தது. பெண் பார்க்கப் போவதானாலும், கிணறு வெட்டுவதானாலும் அங்கே பூக் கேட்டுத்தான் செய்வார்கள். வெள்ளை அரளியை ஓர் இலையிலும் சிவப்பு அரளியை ஓர் இலையிலும் ஒரே மாதிரிப் பொட்டலமாகக் கட்டி ஆத்தா காலடியில் போட வேண்டும். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். எடுத்த பூ எதுவோ அதுதான் வாக்கு. வெள்ளை வந்தால் மயில், சிவப்பு வந்தால் கொக்கு என்று பேசி முடித்தார்கள்.

"பூவ நானே பறிச்சுக் கட்டிக் கொண்டாரேன்," என்றார் நாச்சிமுத்து. "நீ எதுக்குச் சிரமப்படற?"

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வீட்டுக் கொல்லைக்குப் போனார். சிவப்பு அரளியில் ஒரு கைப்பிடி பறித்தார். அதைப் பாதியாகப் பிரித்து இரண்டு வாழையிலையிலும் வைத்து, நாரால் கட்டினார். "ஆத்தா, உனக்குத் தெரியாதது இல்லை. கொக்கு நல்ல பிளேன்தான். நானா ஒண்ணும் பொய் சொல்லலை, பூவத்தான் கொஞ்சம் மாத்தறேன்," என்று ஆத்தாளிடமே சிபாரிசும் கேட்டுக்கொண்டார்.

பூசாரி காளியப்பன் கண்ணை மூடி, கையை அலையவிட்டு, ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு. நாச்சிமுத்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மண்ணில் முகம் புதைந்திருந்ததால் அவர் சிரித்தது யாருக்கும் தெரியவில்லை. எழுந்து பார்த்தபோது, சௌந்திரம் பிரிக்காத பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றி இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா சொன்னா மறுபேச்சே இல்லீங்க. கொக்குதான்," என்றாள்.

இப்படி ஒரு சொல்லை அவள் வாயிலிருந்து கேட்க அவர் எத்தனை வருஷம் காத்திருந்தார். ஐஸ் போட்ட கிளாஸ் ஒன்று கண் முன்னால் வந்து நின்றது.

"ஏனுங்க பூசாரி," என்று சௌந்திரம் திரும்பினாள். "பிளேனையே ஆத்தா பாத்துக் குடுத்துட்டா. அப்ப இது எங்க பயணமில்லை, ஆத்தா பயணம். கவுறு கட்டோணுமில்லீங்களா?"

"பின்னே? கட்டாம எப்படி?" என்றார் காளியப்பன். "பூவாக்கு வாங்கிப் போற காரியத்துக்கு மஞ்சக் கவுறு கட்டித்தான் ஆகோணும். போயிட்டு வந்து ஆத்தாளுக்குப் பொங்கலு வெச்ச பொறகுதான் அவுக்கோணும்."

"என்ன கவுறு?" என்றார் நாச்சிமுத்து.

"கைக்குங்க மொதலாளி. கவுறு இருக்கற வரைக்கும் கறி, மீனு, முட்டை எதுவும் ஆகாது. கள்ளு, சாராயத்தோட வாசம்கூட ஆகாது."

"மண்ணு மேல இருக்கற வரைக்குமா?"

காளியப்பனுக்குக் கேள்வி புரியவில்லை. "ஆத்தா மண்ணுல மட்டுமா இருக்கறா? ஆகாசமும் அவளுதுதானுங்களே."

நாச்சிமுத்துவின் கண் முன்னால் நின்ற கிளாஸ் ஆட்டம் கண்டது. "ரெண்டு பேருக்கும் கட்டுவீங்களா?" என்று பலவீனமாகக் கேட்டார்.

"பூவ ஆரு கட்டிக் கொண்டாந்தாங்களோ அவங்களுக்கு மட்டுந்தானுங்க," என்றார் காளியப்பன்.

நாச்சிமுத்து எல்லா வழியையும் யோசித்துப் பார்த்தார். இந்தப் பூவாக்கு செல்லாது என்று சொன்னால் ஏன் செல்லாது என்று சொல்ல வேண்டும். சொன்னால் கொக்கும் போகும், மானமும் போகும். சொல்லாவிட்டால் கயிறு. அவர் கையை நீட்டினார். காளியப்பன் கட்டினார். சௌந்திரம் பக்கத்தில் வந்து, "முடிச்சு கெட்டியா இருக்குதுங்களா பூசாரி?" என்று தானே ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

கயிற்றைப் பிளேனில் கழற்றிவிட்டு, திரும்பக் கட்டிக்கொண்டால் என்ன என்று மெட்ராஸ் போகிற வழியெல்லாம் அவர் மனசு அரித்தது. ஆனால் ஆத்தாளை ஒரு தடவை ஏமாற்றியாகிவிட்டது. இரண்டாவது தடவைக்கு அவருக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. அதுவும் ஆகாயத்தில் வைத்து.

பிளேன் கிளம்பியது. ஜன்னலோரம் சௌந்திரம் உட்கார்ந்திருந்தாள். அது எப்படி அவளுக்குப் போயிற்று என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில், மச்சான் சொன்னபடியே, தள்ளுவண்டி வந்தது. மச்சான் சொன்னபடியே ஒரு பெண் சிரித்தாள். சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண்.

"ஐயா, குடிக்க என்ன வேண்டும்?"

"என்ன இருக்குது?"

"விஸ்கி, பிராந்தி, பீர், ஜூஸ்."

வரிசையாகப் பாட்டில்கள் மின்னின. நாச்சிமுத்துவின் பயமெல்லாம் எங்கேயோ போயிற்று. கயிறு கட்டிய கையைக் கம்பளிக்கு அடியில் ஒளித்தார். மற்றக் கையைத் தூக்கினார். ஆத்தா கோபித்துக்கொண்டால் இரட்டைப் பொங்கலாக வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, வாயைத் திறந்தார்.

அவருக்கு முன்னாலிருந்த பலகையில் ஒரு வாழையிலைப் பொட்டலம் வந்து உட்கார்ந்தது. இலை காய்ந்து சுருங்கியிருந்தது. நார்க் கட்டு அப்படியே இருந்தது.

"என்ன இது?"

"அன்னிக்குப் பிரிக்காத பொட்டலமுங்க," என்றாள் சௌந்திரம், ஜன்னலைவிட்டுத் திரும்பாமல். "ஆத்தா காலடியில வெச்சதத் தூரப் போடக் கூடாதுன்னு எடுத்தாந்தேன். பிரிச்சுப் பாக்கலாமுங்களா?"

"எதுக்கு இப்ப?"

"உள்ள வெள்ளைப் பூத்தானுங்களே இருக்கோணும்?"

"வெள்ளைதான். வேற என்ன இருக்கும்?"

"அதானுங்க. அன்னிக்குக் காலையில தண்ணி ஊத்தப் போனப்ப, நம்மூட்டு வெள்ளரளிச் செடியில ஒரு பூவும் கொறையலை. செவப்பு அரளிதான் மொட்டையா நின்னுச்சு. எதுக்கும் ஒரு தடவை பிரிச்சு..."

"தக்காளி ஜூஸ்," என்றார் நாச்சிமுத்து அந்தப் பெண்ணைப் பார்த்து.

"ஐயா விஸ்கி கேட்க வந்தது போல இருந்தது."

"இல்லைங்க. தக்காளி."

சௌந்திரம் இப்போதுதான் அந்தப் பெண் பக்கம் திரும்பினாள். "சாமி, அவருக்கு உண்டான பங்கையும் என்ற பங்கையும் மூடி தெறக்காம அப்படியே குடுத்துரு. சின்னப் பாட்டிலாவே குடு."

"எதுக்கும்மா?"

"மருந்துக்கு."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கொடுத்தாள். இரண்டாவது தடவை கேட்டபோதும் சிரித்துக்கொண்டே கொடுத்தாள். மச்சான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பாட்டில்கள் ஒவ்வொன்றாகச் சௌந்திரத்தின் பைக்குள் புடவை மடிப்புகளில் போய்ப் படுத்துக்கொண்டன. நாச்சிமுத்து தக்காளி ஜூஸைக் குடித்தார். உப்புப் போடாத ரசம் மாதிரி இருந்தது.

"ஏனுங்க, இங்க பாருங்க," என்று சௌந்திரம் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். கீழே மேகம் விலகி, கண்ணுக்கு எட்டிய மட்டும் கடல் கிடந்தது. வெயில் பட்டு ஒரு பக்கம் முழுக்க மினுமினுத்தது. எங்கேயோ ஒரு கப்பல் நகராமல் நிற்பதுபோல் போய்க்கொண்டிருந்தது. சௌந்திரம் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்துக்கொண்டு பேசாமல் பார்த்தாள். அவள் பேசாமல் இருந்து அவர் பார்த்ததில்லை. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. நாச்சிமுத்துவுக்கு என்னவோ செய்தது. குடிக்க முடியாமல் போனால் போகிறது, கொக்குதான் என்று தான் பிடித்த பிடியில் நின்றதால்தானே இவள் இதைப் பார்க்கிறாள் என்று அவருக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை தொண்டை வழியாக இறங்கும்போது தக்காளி ஜூஸ்கூடக் கொஞ்சம் காரமாக இருந்தது.

கப்பலில் நாலு நாளும் நண்டு, இறால், கோழி, வாத்து என்று நீளமான மேஜைகளில் அடுக்கி வைத்திருந்தார்கள். நாச்சிமுத்து ரொட்டியும் ஜாமும் வாழைப்பழமும் தின்றார். சௌந்திரம் இறாலை உரித்துக்கொண்டே, "எனக்குக் கவுறு இல்லீங்களே" என்று வருத்தப்பட்டாள். வேளைக்கு ஒரு தடவை வருத்தப்பட்டாள். சிங்கப்பூர் முருகன் கோயிலில் அவர் இளைத்துப்போன கையில் கயிறு தொளதொளவென்று ஆடியதைப் பார்த்து, கையோடு இன்னொரு முடிச்சும் போட்டுவிட்டாள்.

ஊர் திரும்பிய மறுநாள், பொங்கல் வைக்க வெள்ளிக்கிழமை வருவதற்கு இன்னும் நாள் இருந்தபோதே, ராசப்பன் வந்து சேர்ந்தார். சௌந்திரம் பையை அவிழ்த்து, அந்தச் சின்னப் பாட்டில்களை அண்ணன் முன்னால் வரிசையாக நிறுத்தினாள்.

"மருந்துக்குன்னியே?" என்றார் நாச்சிமுத்து.

"அண்ணனுக்கு ரிக் வண்டியில அலைஞ்சு ஒடம்பு வலிங்க," என்று சொல்லிவிட்டு அவள் சமையல்கட்டுக்குப் போனாள்.

ராசப்பன் ஒரு பாட்டிலைத் திறந்து, முகர்ந்து, கண்ணை மூடித் திறந்தார். அந்த வாசம் மேஜையைத் தாண்டி நாச்சிமுத்துவின் மூக்குக்கு வந்தது. வாசம்கூட ஆகாது என்று பூசாரி சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிப்போட்டுக்கொண்டார்.

"இதெல்லாம் போகட்டுமுங்க மச்சான்," என்றார், தனக்கு மிச்சமிருந்த ஒரே சொத்தைக் கையில் எடுத்துக்கொண்டு. "உங்க தங்கச்சி மயிலுன்னு ஒத்தைக் காலுல நின்னா. நான் விடலையே. கொக்குதான்னு சொன்னேன். கொக்குலதான் போனோம். இந்த ஊட்ல ஒரு விசயமாவது என்ற பேச்சுப்படி நடந்துச்சா இல்லையா?"

ராசப்பன் பாட்டிலைக் கீழே வைத்தார். மாப்பிள்ளையை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மாப்பிள்ளை, நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. போன வருசம் நான் மலேசியா போயிட்டு வந்து, பகல்ல போனேன், வழி பூரா கடலுன்னு சொன்னதுல இருந்தே அவளுக்குக் கொக்கு மேலதான் கண்ணு. 'நான் கொக்குன்னு சொன்னா அவரு மயிலும்பாரு, அதனால நான் மயிலுங்கறேன், நீ போயி அவருகிட்டச் சரக்கைப் பத்திச் சொல்லுண்ணா, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்'னு என்னைய அனுப்பி வெச்சதே அவதானுங்க."

நாச்சிமுத்து கையிலிருந்த மஞ்சள் கயிற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சமையல்கட்டிலிருந்து தாளிக்கிற சத்தமும், அதற்கு மேல் சௌந்திரத்தின் குரலும் வந்தது.

"ஏனுங்க, கம்பெனிக்காரரு போன் பண்ணினாரு. அடுத்த வருசமும் அனுப்பறாங்களாம். பிளேனை இந்தத் தடவையும் நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க."